தண்ணீர் தவித்தால் என்ன செய்வாய்?

போன கிழமை உங்களில் இரண்டு பேர் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஆசிரியர் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், புதிதாகப் பணிக்கு வந்திருக்கிற எங்களுக்கு உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டீர்கள். தேநீரைக் குடித்துவிட்டு எழும்பும்போது ஒருவர், "ரீச்சர் பயிற்சியிலை முதலாம் ஆளாய் வந்தனீங்களாம், அதைப் பற்றியே எழுதுங்கோ" என்றார். நல்லது, அதைப் பற்றியே எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்த்தது இதுவாக இராது. மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் பாடு.

பாடங்கள் கூடிவிட்டன என்று அன்றைக்கு நீங்கள் குறைப்பட்டீர்கள். எங்களுக்கும் குறைவில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் வலிகாமத்தில் ஒரு பயிற்சிக் கலாசாலையில் நான் படித்தேன். காலையில் பொருளியல், பிறகு சரித்திரம், சுகாதாரம், மத்தியானத்துக்குப் பின் குழந்தை உளநூல், கடைசியில் தையல். நான் கோப்பாயில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டுக்கு முதன்முதல் ஆங்கிலப் புத்தகம் வந்ததே என்னால்தான். படிப்பென்றால் எனக்குப் பைத்தியம். பாடத்துக்கு ஒன்றாக ஐந்து கொப்பி வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மண்ணிறத் தாளில் உறை போட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிற நூலால் கட்டியிருந்தேன். சுகாதாரக் கொப்பியில் தவறிப்போய்ப் பொருளியல் வரி ஒன்று விழுந்துவிட்டால் அந்தத் தாளையே கிழித்துத் திரும்ப எழுதுவேன். ஒரு பாடத்தின் சங்கதி இன்னொரு பாடத்துக்குள் வரக்கூடாது என்பது என் கொள்கை. விரிவுரையாளர்கள் அதை மெச்சினார்கள்.

பொருளியலில் ஒரு கட்டுரை எழுதினேன். உழைப்பவன் கூலி குறைந்த இடத்தை விட்டுக் கூலி கூடிய இடத்துக்குப் போவான் என்று நாலு பக்கம். எங்கள் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்த மனிதனும், அவனுடைய தகப்பனும், அந்தத் தகப்பனுடைய தகப்பனும் எங்கள் கிணற்றை விட்டு அடுத்த வளவுக் கிணற்றுக்குக்கூடப் போனதில்லை. அவர்களைப் போக யாரும் விட்டதில்லை. எழுதும்போது அது என் நினைவுக்கு வரவே இல்லை. வீடு வேறு, கொப்பி வேறு. அந்தக் கட்டுரைக்கும் நல்ல புள்ளி கிடைத்தது.

உளநூலுக்கு ஒரு செயல்முறை வேலை இருந்தது. கலாசாலைக்குப் பத்து நிமிஷ நடையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பயிற்சி மாணவிகள் ஒவ்வொருவரும் அங்கே ஒரு பிள்ளையை எடுத்து, மூன்று மாதம் பார்த்துக் குறிப்பு எழுதவேண்டும். உடல், பேச்சு, விளையாட்டு, கவனம், ஆர்வம், மற்றவரோடு பழகுதல் என்று தலைப்புகள் இருந்தன. கட்டளைகளும் கண்டிப்பானவை. பிள்ளைக்கு உதவி செய்யக்கூடாது, தூண்டக்கூடாது. பள்ளிக்கூட நேரத்தில் கண்ணால் கண்டதை எழுதவேண்டும். எழுதியதை அழிக்கக்கூடாது. பிள்ளையை நாங்களே தெரிந்தெடுத்தால் பட்சபாதம் வரும் என்று, பெயர்களைச் சின்னச் சின்னத் தாளில் எழுதி பிஸ்கட் பேணிக்குள் போட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த தாளில் 'பொன்னி, ஏழு வயது' என்று இருந்தது.

பொன்னி வகுப்பில் எங்கே இருந்தாள் என்று சொல்லவேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்குப் பலகையில் இருக்கவேண்டும் என்ற கட்டளை அதற்கு முன்பே வந்திருந்தது. வாங்கு போதாது என்று தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். ஆகவே ஐந்து பிள்ளைகள் கதவுப் பக்கமாகத் தரையில் ஒரு சாக்கில் இருந்தார்கள். எந்த ஐந்து பேர் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்குள் விடப்படாதவர்களின் பிள்ளைகள் வாங்குக்கும் வெளியே இருந்தார்கள். விறாந்தையில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. மற்றப் பிள்ளைகள் தாங்களே மொண்டு குடிப்பார்கள். இந்த ஐந்து பேருக்கும் பெரிய வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து கையில் ஊற்றவேண்டும். அவள் வராத நாளில் அவர்கள் குடிப்பதில்லை.

இவ்வளவையும் நான் நாள்தோறும் கண்ணால் கண்டேன். 'இருக்குமிடம்: கதவருகே, தரையில்' என்று முதற்பக்கத்தில் எழுதியும் வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வாங்கில் இருந்து படித்த ஒருத்திக்கு அது கேட்கிற கேள்வியாகத் தோன்றாது. இதை இன்றைக்கு எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சோதிப்பதற்குக் கலாசாலையில் ஒரு மரப்பெட்டி தருவார்கள். உள்ளே இருபது சாமான்: சிவப்பு மணி, வெண்கலச் சலங்கை, சிப்பி, மரக் குதிரை, நீலப் பென்சில், தறித்த கயிறு, இப்படி. பெட்டியைப் பிள்ளைக்கு முன்னால் திறந்து வைத்து, "விருப்பமானதை எடு" என்று சொல்லவேண்டும். எதை எடுக்கிறது, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது, என்ன செய்கிறது என்று குறிக்கவேண்டும். மற்ற மாணவிகளின் பிள்ளைகள் பெட்டிக்குள் விழுந்தடித்துக் கை விட்டார்கள். பொன்னி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். ஒவ்வொரு கிழமையும் பெட்டி திறந்தேன். ஒவ்வொரு கிழமையும் அப்படியே இருந்தாள். 'ஆர்வம் மிகக் குறைவு. கை நீட்டுவதில்லை. புதிய பொருளைக் கண்டு தூண்டல் பெறுவதில்லை' என்று அழகான எழுத்தில் எழுதினேன்.

கேள்விகளும் இருந்தன. ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலிருந்து தமிழாக்கியவை. பிள்ளையின் விவேகத்தை அவற்றால் அளக்கலாம் என்று நம்பினோம்.

"பொன்னி, தண்ணி தவிச்சால் என்ன செய்வாய்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பொறுத்திருப்பன், ரீச்சர்."

"வீதியிலை போகேக்கை மழை வந்தால்?"

"நனைவன்."

புத்தகத்தில் சரியான மறுமொழி வேறு. தண்ணீர் குடிப்பேன் என்று சொல்லவேண்டும். மழைக்கு ஒதுங்குவேன் என்று சொல்லவேண்டும். இரண்டுக்கும் பூச்சியம் போட்டேன். அவள் என் பென்சிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூச்சியம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

என்னோடு படித்தவர்களில் ஞானம் என்று ஒருத்தி. கரவெட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம். அவளுக்குக் கிடைத்த பிள்ளை வாங்கில் இருந்த பையன். அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் பிள்ளையைப் பார்ப்பாள்.

"உவள் உந்தப் பெட்டியைப் பாக்கிற மாதிரி நான் வேதப்புத்தகத்தைக்கூடப் பாத்ததில்லை, தெரியுமே" என்றாள் ஒருநாள். "நீ என்னெண்டு ஆர்வமில்லை எண்டு எழுதுறாய்?"

"கை நீட்டுறாள் இல்லையே. கை நீட்டினால்தான் ஆர்வம். தலைப்பு அப்படித்தான் சொல்லுது."

"தலைப்பு சொல்லும். நீ என்ன சொல்லுறாய்?"

அவளுடைய கொப்பியில் எப்போதும் எழுத்துப் பிழை இருக்கும். அப்படிப்பட்டவளிடம் நான் என்னத்தைக் கேட்பது என்ற நினைப்பு எனக்கு.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு சங்கதி வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தின் மனேச்சர் ஒரு வயதான பாதிரியார். பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் ஒரு இடம் வாங்கியிருந்தார். சாக்கில் இருக்கும் பிள்ளைகளில் ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்து, ஆசிரியையாக வருமட்டும் படிப்பிக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த ஐந்து பேரில் பெண்பிள்ளை பொன்னி ஒருத்திதான். தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. நேரே மறுத்துச் சொல்லவும் முடியவில்லை. "தகுதியில்லாத பிள்ளையை அனுப்பினால் எங்களுக்குத்தான் கெட்ட பேர், ஐயா. பயிற்சிப் பிள்ளையள் எழுதுற கொப்பி இருக்குது. அதைப் பாத்து முடிவெடுப்பம்" என்றார். மனேச்சர் நல்ல மனிதர், சம்மதித்தார். இப்படியாக ஒரு பிள்ளையின் வாழ்வு என் மண்ணிற உறைக்குள் வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் பள்ளி விட்டு வரும்போது வேலியோரம் ஒருவர் நின்றார். பொன்னியின் தகப்பன். பள்ளிக்குப் பின்னாலுள்ள புகையிலைத் தோட்டத்தில் துலா மிதிப்பவர். என்னைக் கண்டதும் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போது இருபது வயது, அவருக்கு நாற்பது இருக்கும்.

"நாச்சியார், ஒரு சொல்லுக் கேக்கலாமோ?"

"என்ன?"

"பொன்னியைப் பற்றி நீங்கள் கொப்பியிலை எழுதுறியளாம். மனேச்சர் ஐயா அதைப் பாத்துத்தான் சொல்லுவாராம்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவள் படிக்கக்கூடிய பிள்ளையோ, நாச்சியார்?"

"பாப்பம்" என்றேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் பாத்து எழுதினால் அது சரியாய்த்தான் இருக்கும்."

கொப்பி கொடுக்கவேண்டிய வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தி, ஞானம் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, ஒண்டு காட்டுறன். கதையாமல் வா." தோட்டத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைப் பாதை. பனையடியில் பொன்னி குந்தியிருந்தாள், பக்கத்தில் மூன்று வயதுத் தம்பி. மண்ணில் ஒரு சதுரம் கீறி, அதற்குள் என்னென்னவோ வரிசையாக வைத்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

"இதென்ன பொன்னி?" என்று ஞானம் கேட்டாள்.

"ரீச்சரின்ரை பெட்டி."

குனிந்து பார்த்தேன். சிவப்பு மணிக்குக் குன்றிமணி. சலங்கைக்கு நத்தைக் கூடு. குதிரைக்கு ஓலையை மடித்து நாலு கால். என் பெட்டிக்குள் எது எந்த மூலையில் இருக்குமோ அது அந்த மூலையில் இருந்தது. கொப்பியைத் திறந்து பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்குக் கொப்பிதான் துணை. பத்தொன்பது சாமான் இருந்தது.

"ஒண்டு குறையுது" என்றேன்.

"நீலப் பென்சில், ரீச்சர். அது போன கிழமை பெட்டியிலை இல்லை."

பிறகு போய்ப் பெட்டியைப் பார்த்தேன். நீலப் பென்சில் இருக்கவில்லை. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

தம்பிக்காரன் ஓலைக் குதிரையில் கை வைத்தான். "எடு, எடு. இது எங்கடை" என்றாள் பொன்னி. அவன் எடுத்து வாயில் வைத்தான், அவள் சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பள்ளிக்கூடத்திலை ஏன் பிள்ளை ஒண்டையும் எடுக்கேல்லை? எடு எண்டு நான் சொன்னனான்தானே."

என்னைத் திகைத்துப் பார்த்தாள். பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்ற பார்வை அது. "நான் தொட்டால் பிறகு மற்றப் பிள்ளையள் எடுக்காயினம், ரீச்சர். பெட்டி வீணாய்ப் போம்."

திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. பொன்னியை நினைத்து மட்டும் வந்த அழுகை என்று சொன்னால் அது பொய். மூன்று மாத வேலை பிழைத்துப் போயிற்றே என்ற அழுகையும் அதற்குள் இருந்தது.

வியாழக்கிழமை உளநூல் விரிவுரையாளரிடம் போனேன். மிகவும் நீதியான மனுஷி. எனக்குப் படிப்பிக்கத் தெரியும் என்றால் அதில் பாதி அவ தந்தது. முழுவதையும் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தா.

"நீர் பள்ளிக்கூட நேரத்திலை கண்டதை எழுதியிருக்கிறீர். அதுதான் முறை" என்றா. "ஒழுங்கையிலை கண்டது அவதானத்திலை சேராது. சாதி வழக்கம் உளநூல் இல்லைப் பிள்ளை. தொழில், கூலி, ஆர் எங்கை நிக்கிறது எண்டதெல்லாம் பொருளியல். அந்த ஐயாவைக் கேளும்."

பொருளியல் ஐயாவிடமும் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொருளியல் வளந்த ஆக்களைப் பற்றினது. சின்னப்பிள்ளையளின்ரை சங்கதி உளநூல் அம்மாவின்ரை பாடம். அவவிட்டைக் கேளும், பிள்ளை."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பாடத்தின் எல்லை அவரவருக்குத் தெரியும். அந்த எல்லைகளுக்கு நடுவில் ஒரு சாக்கு விரித்து ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. அதைப் பார்க்க ஒரு பாடமும் இல்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவர்கள் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பயிற்சிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர் அந்தத் தலைமையாசிரியர். 'இந்தப் பிள்ளை கை நீட்டாதது உங்கள் சாக்கினால்' என்று எழுதிவிட்டு அவரிடம் கையெழுத்துக்குப் போகமுடியாது. அதோடு முதற் புள்ளி எனக்குத்தான் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பயமும் ஆசையும் சேர்ந்து நின்ற இடத்தில் முறை என்ற சொல் கிடைத்தது. பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மனேச்சர் வந்தார். தலைமையாசிரியரின் மேசையில் என் கொப்பி கிடந்தது. பாதிரியார் மெதுவாக, ஒரு தாளும் விடாமல் வாசித்தார். எனக்கு முன்னால் அவர், அவருக்குப் பக்கத்தில் தலைமையாசிரியர், கதவு வழியாகப் பார்த்தால் சாக்கின் ஒரு நுனி தெரிந்தது. வாசித்து முடித்துவிட்டுக் கொப்பியை மூடவில்லை. அந்த மனிதருக்கும் ஏதோ உறுத்தியிருக்கவேண்டும்.

"பிள்ளை," என்றார், "இதிலை நீர் சேர்க்க ஏதேனும் இருக்கோ?"

தலைமையாசிரியர் என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. கரும்பலகையை ஒருமுறை முழுக்கத் துடைக்கிற நேரம் அவர் காத்திருந்தார். பத்தொன்பது சாமான் என்று சொல்லியிருக்கலாம். நீலப் பென்சில் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட அவர் மிச்சத்தைக் கேட்டிருப்பார்.

"இல்லை, ஐயா" என்றேன்.

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று நீங்கள் என்னிடம் கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நெருக்கடி வரும்போது பெரிய சத்தம் ஒன்றும் கேட்காது. நல்ல மனிதர் ஒருவர் பணிவாக ஒரு கேள்வி கேட்பார், நீங்கள் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லுவீர்கள். சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவீர்கள். நான் போனேன், சாப்பிடவும் சாப்பிட்டேன்.

அந்த விடுதி இடம் வேறு ஊர்ப் பிள்ளை ஒன்றுக்குப் போயிற்று. என் கொப்பிக்கு முதற் புள்ளி கிடைத்தது. அவதானக் குறிப்பு எழுதுவது எப்படி என்பதற்கு உதாரணமாக அதை வகுப்பில் வாசித்தார்கள். ஞானம் எழும்பி வெளியே போனாள். பிறகும் அவள் என்னோடு கதைத்தாள், சிரித்தாள். ஆனால் கடைசிவரை என் கொப்பி ஒன்றையும் கேட்டு வாங்கவில்லை.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது சாக்கில் நாலு பேர் இருந்தார்கள். "அது நிண்டிட்டுது" என்றார் தலைமையாசிரியர், வரவு இடாப்பைப் புரட்டியபடி. ஒழுங்கையில் அந்தத் தகப்பனைக் கண்டேன். வாய்க்கால் பக்கம் ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

"எழுத்திலை இல்லையாம், நாச்சியார்" என்றார். "நீங்களும் மூண்டு மாதம் கஷ்டப்பட்டுப் பாத்தனியள். அதுக்குப் பலன் இல்லாமல் போச்சு."

எனக்காக அவர் கவலைப்பட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி பிள்ளையின் தலையில், பாவம் என் கொப்பியில். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

அதன்பிறகு நிறையப் படித்தேன். லண்டன் சோதனைக்குத் தனியாகப் படித்து, கப்பலில் வந்த வினாத்தாளுக்குக் கொழும்பில் போய் மறுமொழி எழுதினேன். தேறினேன். ஐந்து கொப்பியையும் ஒரே நூலால் கட்டப் பழகினேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால், அது எங்கே இருக்கிறது, எங்கேயிருந்து வருகிறது, காலையில் யாருக்கு என்ன வேலை செய்துவிட்டு வருகிறது, யார் அதற்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று பார்த்த பிறகே பென்சிலை எடுப்பேன். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் கரவெட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாகப் போனபோது, முதல் நாளே சாக்கைச் சுருட்டி வெளியில் போட்டேன். சில வீட்டுக்காரர் தங்கள் பிள்ளைகளை மறித்து வைத்தார்கள். என் கிணற்றுக் கயிற்றை அறுத்தார்கள். நான் அசையவில்லை. துணிச்சலான மனுஷி என்று சிலர் புகழ்ந்தார்கள். உங்களில் ஒருவரும் போன கிழமை அதைச் சொன்னீர்கள். துணிச்சல் வேண்டிய இடத்தில் அது என்னிடம் இருக்கவில்லை. பின்னுக்கு வந்தது யாருக்கு வேண்டும்?

யுத்தம் முடிந்து இரண்டொரு வருஷம். தைமாதம், புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள். இளம் பெண் ஒருத்தி ஐந்து வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"பிள்ளையின்ரை பேர்?"

"கமலாவதி."

"தாயின்ரை பேர்?"

"பொன்னம்மா." பிறகு சேர்த்தாள். "ரீச்சர் பொன்னி எண்டு எழுதினனீங்கள்."

நிமிர்ந்து பார்த்தேன். கண்தான் அடையாளம் சொன்னது. கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்து ஆறு வருஷம் என்றாள். நான் இங்கே இருப்பதைக் கேள்விப்பட்டுத்தான் பிள்ளையைக் கொண்டுவந்ததாகச் சொன்னாள். "எல்லாரையும் வாங்கிலை இருத்திறியளாம்."

மேசையில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டிப் பெட்டி திறந்து கிடந்தது. சின்னவள் கை நீட்டி ஒன்றை எடுக்கப் போனாள். "தொடாதை" என்று பொன்னம்மா அந்தக் கையைச் சட்டென்று தட்டிவிட்டாள். பிறகு தானே தடுமாறி என்னைப் பார்த்தாள்.

"எடுக்கட்டும், விடு" என்றேன். பிள்ளை தாயைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு எடுத்தது. நான் எதையாவது கதைக்கவேண்டும் என்பதற்காகப் புதுப் பிள்ளைகளிடம் வழமையாகக் கதைக்கிற மாதிரித் தொடங்கினேன். "கமலாவதி, இஞ்சை வா பாப்பம். ரீச்சர் சின்னச் சின்னக் கேள்வி கேக்கட்டே?"

பொன்னம்மா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணிக் கேள்வியை மட்டும் கேளாதேங்கோ, ரீச்சர். அதுக்கு என்ன சொல்லவேணும் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அதாலை இவளுக்குச் சொல்லிக் குடுக்கேல்லை."

பதினாறு பதினேழு வருஷம் அவள் அந்தக் கேள்வியை வைத்திருந்திருக்கிறாள். துலா மிதிக்கிற வீட்டில், பிறகு இன்னொரு வீட்டில், சமைக்கும்போதும் நாற்று நடும்போதும் எந்த மறுமொழியைச் சொல்லியிருக்கவேண்டும் என்று தேடியிருக்கிறாள்.

"நீ சொன்னதுதான் சரி, பொன்னம்மா" என்றேன். "பொறுத்திருப்பன் எண்டாய். உனக்கு அதுதான் சரி. பூச்சியம் போட்டது என்ரை பிழை. நீ படிக்கக்கூடிய பிள்ளை. எனக்கு அப்பவே தெரியும். மனேச்சர் கேட்டவர், நான் சொல்லேல்லை."

கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் பிள்ளையின் தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டாள்.

"அப்பு போன வருஷம் செத்தவர்" என்றாள். "பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, அவளிலை பிழையில்லை, ரீச்சர் மூண்டு மாதம் பாத்து எழுதினவ எண்டு எல்லாரிட்டையும் சொல்லுவார். சாகுமட்டும் அப்பிடித்தான் நினைச்சவர்."

பிறகு தன் பிள்ளையின் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கி, பெட்டியில் அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.